30 வருஷம் குடியிருந்த வீடு ஒரே நாளில் 'ஆக்கிரமிப்பு' ஆவது எப்படி? சென்னை முதல் ராஜபாளையம் வரை... புறம்போக்கு வீடுகளின் கதை

ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், தோப்புகள், நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில், மலைப் பக்கம் சாஸ்தா கோயில் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நல்லா தெரிந்த ஊர். பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. 'தேவதானம்' என்பது வெறும் ஊர்ப் பெயர் இல்லை, ஒரு நில வகையின் பெயர். பழைய கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட நிலம் தேவதானம். பிராமணர்களுக்குக் கொடுத்தது பிரமதேயம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடுத்தது பள்ளிச்சந்தம். ஒரு நிலத்துக்கு ஏட்டில் என்ன பெயரோ, அதை வைத்துத்தான் அதில் யார் உழலாம், யார் வரி கட்டணும், யார் குடியிருக்கலாம் என்பது முடிவானது.

ஆயிரம் வருஷம் கழித்தும் நிலைமை பெரிசா மாறலை. பெயர்கள் மட்டும்தான் மாறியிருக்கு. இப்போது நத்தம், தரிசு, ஓடை, கண்மாய், வண்டிப்பாதை, மேய்க்கால், மயானம். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் உங்கள் வீட்டின் சர்வே எண்ணுக்கு நேரே இதில் எந்த வார்த்தை எழுதியிருக்கிறது என்பதுதான், அந்த வீட்டுக்குப் பட்டா வருமா, நோட்டீஸ் வருமா என்பதைத் தீர்மானிக்கிறது. எத்தனை வருஷம் குடியிருந்தீர்கள், கரண்ட் பில் யார் பெயரில் வருது, ரேஷன் கார்டில் எந்த முகவரி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நகரங்கள் வேகமாக வளரும்போது இந்த ஒற்றை வார்த்தை எவ்வளவு கனமாகிறது என்பதற்கு, சென்னையில் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

2022 மே 8: கோவிந்தசாமி நகரில் நடந்தது என்ன?

சென்னை ராஜா அண்ணாமலைபுரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகர். பல பத்தாண்டுகளாக மக்கள் வசித்த இடம். 250-க்கும் மேற்பட்ட வீடுகள். கால்வாய்க் கரை ஆக்கிரமிப்பு என்று வழக்குத் தொடரப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், அகற்ற உத்தரவு வந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் தொடங்கி வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். மே 8-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அங்கே வசித்த ஒருவர் இடிப்பை எதிர்த்துத் தீக்குளித்தார். சிகிச்சை பலனளிக்காமல் இறந்துபோனார்.

மறுநாள் சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பேசினார். அங்கிருந்து அகற்றப்படும் குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு ஒதுக்கப்படும் என்றார். இனிமேல் மறுகுடியமர்வு செய்யும்போது முன்கூட்டியே மக்களிடம் கலந்து பேசப்படும் என்றும் சொன்னார்.

அந்த அறிவிப்பில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வீடு கொடுப்பது புதுசு இல்லை. அதற்கு முன்பும் இடித்த இடத்துக்குப் பதிலாக எங்கேயாவது வீடு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 'அதே பகுதியிலேயே' என்பதுதான் புதுசு. ஒரு உயிர் போன பிறகு வந்த வார்த்தை அது.

ஒரு காலத்தில் 'இருக்கிற இடத்திலேயே' என்பதுதான் கொள்கை

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கியது 1970. அதற்கான சட்டம், தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம், 1971. அப்போதைய முதல்வர் மு.கருணாநிதி. இந்தியாவில் குடிசைப் பகுதிக்கென்று இப்படித் தனி வாரியம் அமைத்து அடுக்குமாடி கட்டியதில் தமிழ்நாடு முன்னோடி. சென்னையில் மெரினா பக்கம், மயிலாப்பூர் பக்கம் இன்றும் பார்க்கும் பழைய மூன்று, நான்கு மாடி ஹவுசிங் போர்டு குடியிருப்புகள் அந்தக் காலத்தவை. வீடு சின்னது, சுவர் உதிருது, எல்லாம் சரி. ஆனால் இடம் ஊருக்கு நடுவில்.

அந்த 1971 சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கு. ஒரு பகுதியை அரசு 'குடிசைப் பகுதி' என்று அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் அங்கிருப்பவர்களை வெளியேற்ற முடியாது. அறிவித்த இடத்தில் தண்ணீர், கழிப்பறை, தெருவிளக்கு செய்து தருவதும் அரசின் பொறுப்பு. 1971-ல் சென்னையில் 1,202 பகுதிகளைக் கணக்கெடுத்து அறிவித்தார்கள். 1985-ல் மேலும் 17 பகுதிகளைச் சேர்த்தார்கள். அதோடு சரி. அந்தப் பட்டியல் வளரவே இல்லை. நகரம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. அதில் வழி வேறு. வீட்டை இடிக்காமல், இருக்கிற இடத்திலேயே சாலையும் தண்ணீரும் கழிவறையும் கொடுத்து, மனைக்கு தவணையில் பணம் கட்டவைத்து உரிமையும் கொடுப்பது. இன்னொரு பக்கம், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்னச் சின்ன மனைகளைப் பிரித்து, அடிப்படை வசதியோடு ஏழைகளுக்கும் கொடுத்தார்கள். கையில் காசு வர வர அவர்களே வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். இன்று அந்த இடங்களில் போய் நின்று பார்த்தால், ஒரு காலத்தில் ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்த மனை என்று அடையாளமே தெரியாது. மாடி வீடும் கடையுமாக சாதாரண நடுத்தரக் குடியிருப்பு.

அந்தப் பாதையை ஏன் விட்டோம்? மனை விலைதான் காரணம். ஐ.டி. வந்தது, பாலங்கள் வந்தன, ஆற்றங்கரையை அழகுபடுத்தும் திட்டங்கள் வந்தன. ஊருக்கு நடுவில் இருக்கும் ஒரு ஏக்கரை ஏழைகளுக்கு விடுவதைவிட, ஊருக்கு வெளியே இருக்கும் அரசு நிலத்தில் மொத்தமாகக் கட்டிக் கொடுப்பது கோப்பில் மலிவாகத் தெரிந்தது.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்

2000-ம் ஆண்டு வாக்கில் பழைய மாமல்லபுரம் சாலை ஓரம் கண்ணகி நகர். 15 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அப்புறம் மத்திய அரசின் ஜவாஹர்லால் நேரு நகர்ப்புற புனரமைப்புத் திட்டப் பணத்தில் பெரும்பாக்கம். அங்கே மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேல். எட்டு அடுக்குக் கட்டடங்கள், வீடு சுமார் 400 சதுர அடி. லிஃப்ட் நின்றால் கைக்குழந்தையோடும் தண்ணீர்க் குடத்தோடும் படியேறணும்.

இதுல என்ன தப்பு, குடிசையில் இருந்தவங்களுக்கு கான்கிரீட் வீடு கிடைச்சுதே என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில், வீட்டில் இல்லை. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில் இருக்கு.

கூவம் கரையிலோ மயிலாப்பூரிலோ இருந்த ஒரு பெண் காலையில் நடந்தே போய் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து, பத்து மணிக்குத் திரும்பிப் பிள்ளைக்குச் சோறு போட முடியும். 20, 25 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்தக் கணக்கு உடைந்துபோகும். இரண்டு பஸ் மாறணும். முதல் வீட்டு வேலை போகும், பிறகு இரண்டாவது போகும். மீன் விற்கிறவருக்குக் காலை மூன்று மணிக்கு பஸ் கிடையாது. கொத்தனாருக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் முனை தூரமாகிவிடும். கல்வியாண்டுக்கு நடுவில் இடம் மாற்றியதால் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். இதோடு 'அந்த ஏரியாவா?' என்ற கேள்வி. கண்ணகி நகர் முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்கே இருப்பவர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஊரே கொண்டாடியது. அந்த முகவரிமேல் இருந்த கறை கொஞ்சம் கழுவப்பட்டது என்று அங்குள்ளவர்களே பேசினார்கள் என்றால், கறை எவ்வளவு ஆழம் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு முரண். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, 'ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து' என்று சொல்லி அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அகற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோய் விட்ட இடம் பெரும்பாக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். கனமழை பெய்தால் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தண்ணீரில் நிற்கும் காட்சியை நம்ம டிவியிலேயே வருஷாவருஷம் பார்க்கிறோமே. வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விட்டதுபோல.

வாரியத்தின் பெயர் 2021-ல் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆனது. அதே வருஷம் மறுகுடியமர்வு, மறுவாழ்வுக் கொள்கையின் வரைவு வெளியானது. பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே இடத்தில் புதுசாகக் கட்டும் வேலையும் பெரிய அளவில் நடக்கிறது. அதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் புதுசா கட்டிய கட்டடத்தில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததும், ஐ.ஐ.டி. குழு வந்து ஆய்வு செய்ததும் 2021 ஆகஸ்டில் பெரிய செய்தி. ஆனாலும் தரத்தைச் சரிசெய்ய முடியும். 25 கிலோமீட்டர் தூரத்தைச் சரிசெய்ய முடியாது.

கொள்கை திரும்பிவிட்டது என்று முழுசாகச் சொல்லவும் முடியலை. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றுக் கரை வீடுகள் இடிக்கப்பட்டபோது, பலருக்குக் காட்டப்பட்ட இடம் மறுபடியும் பெரும்பாக்கம்.

சரி, இது சென்னைப் பிரச்சினை. ராஜபாளையத்துக்கு என்ன?

இங்கேதான் விஷயம் இருக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட பாதிப் பேர், 48 சதவீதத்துக்கும் மேல், நகரவாசிகள். அதில் எல்லோரும் சென்னையில் இல்லை. ராஜபாளையம் நகராட்சியில் அப்போதே 1,30,442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75 ஆயிரம். நூற்பாலை, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, கட்டட வேலை என்று சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து தங்கியவர்கள் ஏராளம். தேவதானம் மாதிரி ஊர்களிலிருந்து தினமும் பஸ் ஏறி வேலைக்கு வந்துபோகிறவர்கள் தனி.

ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கும் நகரங்களுக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டப் பட்டியலில் ராஜபாளையமும் உண்டு. பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய் என்று வேலை வரும்போது முதலில் அளவெடுக்க ஆள் வருவார்கள். சாலை அகலம் எவ்வளவு, ஓடை அகலம் எவ்வளவு என்று பழைய வரைபடத்தைப் பிரிப்பார்கள். அது வரைக்கும் யாரும் கேட்காத கேள்வி அன்றைக்குத்தான் வரும்: 'இந்த வீடு எந்த சர்வே நம்பர்?'

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் முழுக்க கண்மாய் நாடு. மலையில் பெய்யும் மழை ஓடைகள் வழியாக ஒரு கண்மாய் நிரம்பி அடுத்த கண்மாய்க்குப் போகும். ஊர் வளர்ந்தபோது எந்த இடம் காலியாக இருந்ததோ அங்கே ஏழைகள் குடிசை போட்டார்கள். எந்த இடம் காலியாக இருந்தது? யாரும் விற்க முடியாத இடம்தான். ஓடைக்கரை, கண்மாய் உள்வாய், ரயில்வே ஓரம், கோயில் நிலம். அதாவது ஏட்டில் மிக மோசமான பெயர் உள்ள நிலங்களில்தான் மிக ஏழையான குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தேடிப்போய் நீர்நிலையைப் பிடித்தார்கள் என்பதைவிட, அவர்களுக்கு விட்டுவைத்தது அது ஒன்றுதான் என்பது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆட்சேபனை உள்ள புறம்போக்கு, ஆட்சேபனையற்ற புறம்போக்கு

அரசு நிலத்தில் வீடு கட்டியிருந்தால் எல்லாமே ஒன்று இல்லை. வருவாய்த் துறை இரண்டாகப் பிரிக்கிறது.

தரிசு மாதிரி, பொதுப் பயன்பாட்டுக்கு உடனடியாகத் தேவைப்படாத நிலம் ஆட்சேபனையற்றது. இதில் பல வருஷமாகக் குடியிருக்கும் ஏழைகளுக்கு வரன்முறைப்படுத்திப் பட்டா தர அரசால் முடியும். அப்படித் தந்தும் இருக்கிறார்கள். நீர்நிலை, சாலை, மேய்க்கால், மயானம் போன்றவை ஆட்சேபனை உள்ளவை. இதில் பட்டா கிடையாது.

கிராம நத்தம் இந்த இரண்டிலும் சேராது. நத்தம் என்பது ஆதியிலிருந்தே குடியிருப்புக்கென ஒதுக்கிய இடம். அது அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 'நத்தம் புறம்போக்கு' என்று பேச்சுவழக்கில் சேர்த்துச் சொல்வதாலேயே நத்தத்தில் இருக்கிற பலர் தேவையில்லாமல் பயப்படுவதுண்டு.

ஆட்சேபனையற்ற நிலத்திலும் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு பூட்டு இருந்தது. அதன் பெயர் 'பெல்ட் ஏரியா'. 1962-லிருந்து, சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டருக்குள்ளும், மற்ற நகரங்களைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள்ளும் புறம்போக்கு வீடுகளுக்குப் பட்டா தரத் தடை. 60 வருஷத்துக்கு முன்னால் போட்ட கோடு. நகரம் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது, கோடு அங்கேயே நின்றது. 2025 பிப்ரவரி 10-ம் தேதி அமைச்சரவை இதைத் தளர்த்தியது. சென்னையும் சுற்றுப்புற மாவட்டங்களும் சேர்த்து 29,187 பேர், மதுரை, நெல்லை உள்ளிட்ட மற்ற நகரங்களில் 57,084 பேர், ஆக 86,271 பேருக்கு ஆறு மாதத்தில் பட்டா என்று முதல்வர் அறிவித்தார்.

நல்ல முடிவு, சந்தேகமில்லை. ஆனால் அறிவிப்பைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஓடைக்கரைக் குடும்பங்கள் ஒரு வார்த்தையைத் தவறவிட்டிருக்கலாம். 'ஆட்சேபனையற்ற' நிலத்துக்கு மட்டும்தான் அது.

நீர்நிலை என்றால் ஏன் இவ்வளவு கெடுபிடி?

சட்டமும் தீர்ப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஏற்கெனவே உண்டு. 2007-ல் ஏரி, கண்மாய்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களில் இருக்கும் ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் போடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, பொதுப்பணித் துறை வசம் இல்லாத நீர்நிலைகளையும் காப்பது அரசின் கடமைதான் என்றது. 2022 ஜனவரியில், நீர்நிலை நிலத்தில் பத்திரப்பதிவு செய்யாதே, கட்டட அனுமதி தராதே, மின் இணைப்பு தராதே என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

2024 நவம்பர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த 'புல்டோசர்' தீர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். 15 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்த வீட்டையும் இடிக்கக் கூடாது என்ற தீர்ப்பு. பலரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்ட செய்தி. அனுப்பாமல் விட்ட பகுதி இது: சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன கட்டடங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அதாவது, யாருக்கு இடிப்பு பயம் அதிகமோ அவர்களில் பெரும்பகுதி அந்தத் தீர்ப்பின் குடைக்கு வெளியே நிற்கிறார்கள்.

நீர்நிலையைக் காக்கணும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. ஓடை அடைபட்டால் கீழே இருக்கிற கண்மாய் நிரம்பாது, ஊருக்குள்தான் தண்ணீர் வரும். ஆனால் சட்டம் எல்லோர் மேலும் ஒரே மாதிரி பாய்ந்திருக்கிறதா? சென்னையில் தியாகராய நகர் எழுந்தது ஒரு பெரிய ஏரியின் மேல். வள்ளுவர் கோட்டம் இருப்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வளாகம் இருப்பதே உலகனேரி கண்மாய்ப் பகுதியில்தான். அரசு தன் தேவைக்கு நிலத்தின் பெயரை மாற்றிக்கொண்டது. ஓடைக்கரைக் குடிசைக்கு மட்டும் பெயர் மாறவே இல்லை.

கோயில் நிலம் இன்னொரு கதை. 2019-ல் ஆட்சேபனையற்ற புறம்போக்கை வரன்முறை செய்ய வந்த அரசாணை 318, கோயில் நிலங்களில் குடியிருப்போரையும் தொட்டது. வழக்குப் போனது. கோயில் நிலத்துக்குப் பட்டா தர உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அறநிலையத்துறைச் சட்டப்படி கோயில் சொத்தை நினைத்தபடி கைமாற்ற முடியாது. அதனால் இந்த நிலத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வாடகைதாரர், அல்லது ஆக்கிரமிப்பாளர். மூன்றாவது பெயர் இல்லை.

பட்டா இல்லையென்றால் வீட்டுத் திட்டமும் இல்லை

இடிப்பு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். யாரும் இடிக்காவிட்டாலும் அந்த வீடு அப்படியே தேங்கிவிடும்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2015-ல் வந்தது. அதில் அதிகம் பேர் பயன்பெற்றது, சொந்த இடத்தில் தாங்களே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவு. மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், ஆக 2 லட்சத்து 10 ஆயிரம். கிராமப்புறத்தில் 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 3 லட்சத்து 50 ஆயிரம் தருகிறது. இரண்டுக்கும் முதல் கேள்வி ஒன்றே: இடம் உங்க பெயரில் இருக்கா? ஓலைக் குடிசையில் இருப்பவர்களுக்கான திட்டம், ஆனால் ஓலைக் குடிசையில் இருப்பவர்களில் யாரிடம் பட்டா இல்லையோ அவர்கள் பட்டியலுக்கு வெளியே. கூரை ஒழுகினால் தார்ப்பாய்தான். வங்கிக் கடனும் கிடையாது.

வேற ஊர்களில் என்ன செய்றாங்க?

ஒடிசா 2017-ல் ஒரு சட்டம் போட்டது. நகர்ப்புறக் குடிசைப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு அவர்கள் இருக்கிற இடத்திலேயே நில உரிமைச் சான்று. சின்ன நகரங்களில் 30 சதுர மீட்டர் வரை இலவசம். கணவன், மனைவி இருவர் பெயரிலும். வாரிசுக்குப் போகும், அடமானம் வைத்து வீட்டுக் கடன் வாங்கலாம், ஆனால் விற்க முடியாது. 'ஜாகா மிஷன்' என்று இதை நடத்தி சர்வதேச விருதும் வாங்கினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் ஆரம்பித்தது தலைநகரத்திலிருந்து இல்லை, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அளவிலான சின்ன நகரங்களிலிருந்து. மனை விலை ஏறுவதற்கு முன்பே செய்துவிட்டால் சண்டை குறைவு.

தாய்லாந்தில் 2003-லிருந்து நடக்கும் 'பான் மன்கோங்' திட்டம் இன்னொரு மாதிரி. கால்வாய் ஓரத்தில் இருப்பவர்கள் சேமிப்புக் குழு அமைப்பார்கள். கரையிலிருந்து சில மீட்டர் பின்வாங்கி, மனைகளைச் சுருக்கி மறுபடி அடுக்கிக் கட்டிக்கொள்வார்கள். தண்ணீருக்கு வழியும் கிடைக்கும், மக்கள் அதே இடத்திலும் இருப்பார்கள். கோவிந்தசாமி நகரில் இப்படி ஒரு வரைபடத்தை யாராவது மேசைமேல் விரித்துப் பார்த்திருந்தால் என்று தோன்றத்தான் செய்கிறது.

நீங்க இப்போ என்ன பார்க்கலாம்?

உங்கள் வீடு இருக்கும் இடத்தின் வகை என்ன என்று நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையசேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டாவையும் 'அ' பதிவேட்டு விவரத்தையும் போனிலேயே பார்க்கலாம். அரசு நிலமா என்றும் சரிபார்க்கலாம். நத்தம் என்றால் 'தூய அடங்கல்' என்ற பதிவேட்டில் உங்கள் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று தாலுகா ஆபீஸில் கேளுங்கள்.

வீட்டில் பழைய 'பி மெமோ' ரசீது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை போடும் அபராதக் குறிப்பு அது. இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி: 'இது அரசு நிலம்' என்று அதிலேயே எழுதியிருக்கும், அதே சமயம் எந்த வருஷத்திலிருந்து அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு அரசே கொடுத்த சாட்சியும் அதுதான். வரன்முறை செய்யும்போது இந்த ரசீதுக்கு மதிப்பு உண்டு.

12 வருஷம் இருந்துட்டா நிலம் நமக்குச் சொந்தம் என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். அந்த 12 வருஷக் கணக்கு தனியார் நிலத்துக்கு. அரசு நிலத்துக்கு 30 வருஷம், அதுவும் நீதிமன்றத்தில் நிரூபிக்கணும். நீர்நிலையில் அந்த வாதம் எடுபடாது.

நோட்டீஸ் வந்துவிட்டால் முதலில் அது எந்தச் சட்டத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள். 1905 சட்டம் என்றால், 7-ம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், அதற்குப் பிறகுதான் 6-ம் பிரிவில் வெளியேற்ற உத்தரவு. மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. விளக்கம் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். நோட்டீஸைக் கையில் வாங்காமல் கதவைச் சாத்திவிட்டால் அது சுவரில் ஒட்டப்படும், நாள் கணக்கு மட்டும் ஓடிவிடும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், தாலுகா நீதிமன்ற வளாகங்களிலேயே இலவச சட்டப் பணிகள் குழு இருக்கு.

கடைசியாக ஒன்று. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வதில், பதிவுகள் தவறாக ஏறிய இடங்கள் நிறைய. உங்கள் தெரு அதற்கு முந்தைய பதிவேட்டில் நத்தமாகவோ பட்டா நிலமாகவோ இருந்து, யு.டி.ஆருக்குப் பிறகு புறம்போக்கு ஆகியிருந்தால், திருத்தம் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். அதற்கு யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல் வேண்டும். அந்த நகலை இப்போதே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அளவெடுக்க ஆள் வந்த பிறகு அலைந்தால், ரெக்கார்டு ரூமில் அந்தப் பக்கம் கிடைப்பதற்குள் ஜே.சி.பி. வந்து நின்றுவிடும்.